1967 மெர்க்குரி பிக்கப்புக்கு கிரவுன் விக்டோரியாவின் முன்பக்கம்

பதினொரு வருடம் ரொறன்ரோவில் ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா டாக்சி ஓட்டினேன். எந்தக் குழியில் இறங்கினால் அந்தக் கார் எப்படி முனகும் என்று என் முதுகெலும்புக்கே தெரியும். அதனால் என் பழைய பிக்கப்பின் முன்பக்கத்தை, அதாவது முன் சில்லுகளைத் தாங்கித் திருப்பும் சாமான்களை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தபோது அதிகம் யோசிக்கவில்லை, அந்தக் காருடையதையே எடுத்தேன்.

பிக்கப் 1967 மெர்க்குரி எம்-100. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது ஃபோர்ட் எஃப்-100தான். மெர்க்குரியும் ஃபோர்ட் கம்பனியின் பெயர்தான், கனடாவின் பல சிற்றூர்களில் மெர்க்குரி விற்பனையாளர் மட்டுமே இருந்த காலம் அது. அவர்களுக்கும் விற்க ஒரு பிக்கப் வேண்டுமென்று ஃபோர்ட் அதே வண்டியில் வேறு பெயரை ஒட்டி 1968 வரை கொடுத்தது. கீழே எழுதுவது 1965 முதல் 1972 வரையிலான எஃப்-100களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் வண்டியிலேயே எடுங்கள். என்னுடையதைக் கடன் வாங்க வேண்டாம்.

இந்த வண்டிகளின் முன்பக்கத்துக்கு ட்வின் ஐ-பீம் என்று பெயர். 1965இல் வந்தது. ஒவ்வொரு முன் சில்லுக்கும் தனி இரும்பு உத்தரம், மேலே ஒரு சுருள் ஸ்பிரிங், பின்னுக்குப் போய்ச் சேசியில் ரப்பர் புஷ்ஷுக்குள் நுழையும் ஒரு ரேடியஸ் ஆர்ம். முரட்டுச் சாமான், லேசில் உடையாது. உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றியிறக்க அதைவிட வேறு வேண்டாம். ஆனால் சில்லு ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் கூடவே மாறும், டயர் ஓரம் தேயும். அந்தச் சாய்வைத் திருத்த உத்தரத்தையே அழுத்தி வளைப்பார்கள் என்றால் பாருங்கள். ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது வண்டியை ஒரு லேனுக்குள் வைத்திருப்பதே எனக்கு முழுநேர வேலையாக இருந்தது. முன்னுக்கு டிரம் பிரேக் வேறு.

எந்தக் காரிலிருந்து எடுப்பது? 2003 முதல் 2011 வரையிலான கிரவுன் விக்டோரியா, மெர்க்குரி கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார் மூன்றில் எதுவானாலும் சரி. 2003க்கு முந்தியதைத் தொடாதீர்கள், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். 2003இல் ஃபோர்ட் அந்தக் காரின் சேசியையே புதிதாகச் செய்தது. பழைய ஸ்டியரிங் பெட்டி போய் ராக் அண்ட் பினியன் (பல்சக்கரம் ஒரு பல்தண்டை, அதாவது ராக்கை, இடம் வலம் தள்ளிச் சில்லைத் திருப்பும் ஸ்டியரிங்) வந்தது, ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்குள் ஒன்றாக வந்தன. முக்கியமானது இதுதான்: சில்லைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், ராக், இஞ்சின் மவுண்ட் எல்லாவற்றையும் தாங்கும் வார்ப்பு அலுமினியக் குறுக்குச் சட்டம் ஒன்று வந்தது. போல்ட்டைக் கழற்றினால் முழுவதும் ஒரே துண்டாகக் கீழே இறங்கிவிடும். கராஜ்களில் இதைக் கிரேடில் என்பார்கள். இஞ்சின் அதில்தான் படுத்திருக்கிறது என்பதால் நான் தொட்டில் என்றே எழுதுகிறேன்.

அடையாளம் காண்பது லேசு. காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு முன் சில்லுக்கும் நடுவே வெள்ளை பூத்த அலுமினியம் தெரிந்தால் சரியான கார். முழுக்கத் துருப்பிடித்த இரும்பாகத் தெரிந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

என்னுடையது 2008ஆம் ஆண்டின் பொலிஸ் கார், பிறகு டாக்சியாக ஓடியது. இந்தக் கிரவுன் விக்டோரியாக்கள் எல்லாம் லண்டனுக்குப் பக்கத்தில், டால்பட்வில்லில் இருந்த தொழிற்சாலையில் செய்தவை. கனடாவின் லண்டனைச் சொல்கிறேன். அந்தத் தொழிற்சாலை திறந்ததும் 1967தான், என் பிக்கப்பின் வயது. 2011 செப்டம்பரில் கடைசிக் கிரவுன் விக்டோரியாவை வெளியே அனுப்பிவிட்டு மூடினார்கள்.

பழைய இரும்புக் கடையில் பேரம் பேசுவதற்கு முன் நாலு இடத்தை வடிவாகப் பாருங்கள். கீழ் பால் ஜாயிண்ட் (கீழ் ஆர்மையும் சில்லையும் இணைக்கும் குண்டு மூட்டு): சில்லைத் தூக்கி, அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் ஆட்டம் இருக்கக் கூடாது. டாக்சிகளில் அநேகமாக இருக்கும், பரவாயில்லை, புதிது போடலாம். ராக்கின் இரண்டு பக்க ரப்பர் உறைகள்: பிதுக்கிப் பார்த்தால் ஒயில் கசியக் கூடாது. ஹப் பேரிங்: கையால் சுழற்றினால் கரகரக்கக் கூடாது. கடைசியாகத் தொட்டில். இரும்பு வளையும், வார்ப்பு அலுமினியம் வெடிக்கும். போல்ட் துளைகளைச் சுற்றியும் ஆர்ம்கள் பொருந்தும் காதுகளிலும் தின்னர் தொட்டுத் துடைத்து, டோர்ச் அடித்து, மயிரிழைக் கோடு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது குப்பை. அதை வெல்ட் பண்ணித் தருகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

இனி, பலர் தவறவிடும் இடம். கார் தன் சொந்தச் சில்லில், தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போதே அளவு எடுங்கள். கழற்றிய பிறகு எடுத்த அளவால் ஒரு பிரயோசனமும் இல்லை. தொட்டிலின் அடியில் தட்டையான இடம் ஒன்றில் கோணமானியை வைத்து முன்பின் சாய்வைக் குறியுங்கள். அந்த இடத்தைப் பெயின்டால் வட்டமிடுங்கள், பிறகு அதே இடத்தில்தான் வைக்க வேண்டும். தரையிலிருந்து தொட்டில் எவ்வளவு உயரம், டயரின் விட்டம் எவ்வளவு, கீழ் ஆர்ம் எந்தச் சாய்வில் நிற்கிறது, எல்லாவற்றையும் படம் எடுத்து, அளவை அந்தப் படத்திலேயே எழுதிவிடுங்கள். எண்ணெய் பட்ட கொப்பியில் எழுதி, இரண்டு மாதம் கழித்து அது 7ஆ 1ஆ என்று நான் முழித்த மாதிரி நீங்களும் முழிக்க வேண்டாம்.

எடுக்கும்போது ஒரு பிரேக் டிஸ்க்கிலிருந்து மற்ற டிஸ்க் வரை அப்படியே எடுங்கள். கூடவே தொட்டில் போல்ட்டுகள், ஸ்டியரிங் தண்டு, பவர் ஸ்டியரிங் குழாய்கள், பிரேக் ஹோஸ், நாலு சில்லுகளும். ஸ்பிரிங்கை ஷாக்கிலிருந்து பிரிக்க ஆசைப்படாதீர்கள், அமுக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைத் திறந்தால் ஆளைக் கொல்லும். எனக்கு எல்லாமாக 400 டொலர் முடிந்தது.

இப்போது பிக்கப். பொனட், கிரில், இரண்டு முன் ஃபெண்டர் எல்லாம் போல்ட்டில்தான் நிற்கின்றன, ஒரு பின்னேர வேலை. வண்டியை மட்டமான சிமெந்துத் தரையில் நாலு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முன் ஸ்டாண்டுகள் கேபினுக்குக் கீழே இருக்கட்டும், வெட்டப் போகும் இடம் சும்மா தொங்க வேண்டும்.

ஏற்றும்போதே வண்டி கடைசியில் எப்படி நிற்கப் போகிறது என்று முடிவு செய்து, சேசியை அந்தச் சாய்விலேயே நிறுத்துங்கள். இந்த மாற்றத்தில் முன்பக்கம் நாலைந்து அங்குலம் இறங்கிவிடும். பின்பக்கத்தை இறக்காவிட்டால் மூக்கு தரையை முகர்ந்துகொண்டு நிற்கும். அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. மூக்கு ஒரு பாகை தாழ்ந்தால் காஸ்டரிலும், அதாவது சில்லு திரும்பும் அச்சின் முன்பின் சாய்விலும், ஒரு பாகை போய்விடும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும், வேகத்தில் வண்டி நேர்க்கோட்டில் ஓடுவதும் காஸ்டரால்தான். ஆகவே தொட்டில் மட்டமாக இருக்க வேண்டியது தரைக்கு, சேசிக்கு இல்லை. சேசி எவ்வளவு சாய்ந்திருந்தாலும், தொட்டில் அந்தக் காரில் தரைக்கு எப்படி நின்றதோ அப்படியே இங்கும் நிற்க வேண்டும்.

அடுத்தது முன் சில்லுகளின் மையக்கோடு. இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பழைய ஹப்பின் நடுவிலிருந்து தூக்குக்குண்டை விட்டு, தரையில் புள்ளி வைத்து, அதையே சேசிக்கு ஏற்றினேன். இரண்டு பக்கமும் அப்படியே செய்து, தகடுகளைப் பொட்டு வெல்டில் ஒட்டியும் விட்டேன். முழு வெல்ட் அடிக்க, முப்பது வருடம் அந்தத் தொழிலில் இருக்கும் அண்ணை ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். அவர் மெஷினை இறக்கவே இல்லை. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னுக்கு நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"தம்பி, உன்ரை வண்டி கோணலோ, இல்லாட்டி என்ரை கண் கோணலோ?"

டேப்பின் ஒரு முனையை என்னிடம் தந்தார். முன் இடது புள்ளியிலிருந்து பின் வலது அச்சுக்கு, பிறகு முன் வலதிலிருந்து பின் இடதுக்கு. ஒரு மூலைவிட்டம் மற்றதைவிடக் கால் அங்குலத்துக்கு மேல் குறைவு.

"உந்தப் பக்கத்து ரப்பரைக் கழட்டிப் பாத்தனியோ?"

பார்க்கவில்லை. கழற்றினால், இடது ரேடியஸ் ஆர்ம் புஷ் இருந்த இடத்தில் கறுப்புத் தூள்தான் இருந்தது. ரப்பர் செத்ததால் அந்தச் சில்லு பின்னுக்குப் போயிருந்தது. நான் அந்தச் செத்த ரப்பரை நம்பித்தான் அளந்திருக்கிறேன். பொட்டு வெல்ட் என்பதால் கிரைண்டரால் அறுத்து எடுத்து மறுபடி தொடங்க முடிந்தது. முழு வெல்டுக்குப் பிறகு தெரிந்திருந்தால் சேசியையே மாற்ற வேண்டி வந்திருக்கும்.

எனவே தேய்ந்த சாமானிலிருந்து அளவு எடுக்காதீர்கள், பின் அச்சிலிருந்து எடுங்கள். 1967இன் குட்டைப் பெட்டி வண்டிக்குச் சில்லிடை தூரம் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம்) 115 அங்குலம், நீளப் பெட்டிக்கு 131. முதலில் பின் அச்சு சேசிக்கு நேராக நிற்கிறதா என்று, பட்டை ஸ்பிரிங்கின் நடு போல்ட்டிலிருந்து சேசியின் ஓட்டைகளுக்கு அளந்து பாருங்கள். பிறகு உங்கள் வண்டியின் தூரத்தை இரண்டு பக்கமும் முன்னுக்குக் கொண்டுவந்து, மூலைவிட்டங்கள் பதினாறில் ஒரு அங்குலத்துக்குள் ஒத்துப்போகும் வரை திருத்துங்கள். அப்புறம் ஒரு ஃபெண்டரைத் தற்காலிகமாக மாட்டி, சில்லு வளைவின் நடுவில் கோடு விழுகிறதா என்று கண்ணாலும் பாருங்கள். கடைசியாக, வெட்டாத இடத்தில், கேபின் பக்கமாக, மையக்கோட்டிலிருந்து சரியாக 30 அங்குலத்தில் இரண்டு சட்டத்திலும் பொட்டுளியால் ஆழமாகக் குத்தி வையுங்கள். சோக் கோடு அழியும், பெயின்ட் கருகும், குத்திய குழி போகாது.

பழையதைக் கழற்றுவது உடம்பு வேலை, அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இஞ்சினை வெளியே எடுங்கள். ஸ்பிரிங்கின் விசை இறங்கும் வரை உத்தரத்தை ஜாக்கில் மெதுவாக இறக்கிக் கழற்றுங்கள். ஸ்டியரிங் பெட்டியும் போகும். உத்தரங்களைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டம் ரிவெட்டில் நிற்கிறது. தலையைக் கிரைண்டரில் சீவி, நடுவில் துளையிட்டு, உளியால் அடித்தால் வரும். ஆனால் அதை எடுப்பதற்கு முன் இரண்டு நெடுஞ்சட்டத்துக்கும் நடுவே சதுரக் குழாய்கள் இரண்டைக் குறுக்கே வெல்ட் பண்ணிவிடுங்கள். இல்லாவிட்டால் குறுக்குச் சட்டம் போனதும் சேசி வாய் திறக்கும், எடுத்த அளவெல்லாம் பாழ்.

தொட்டிலை டிரான்ஸ்மிஷன் ஜாக்கில் வைத்து அடியில் தள்ளிப் பார்த்தால் எங்கே முட்டுகிறது என்று தெரியும். சட்டத்தின் விளிம்பைக் கொஞ்சம் சீவ வேண்டி வரும். ஒரேயடியாக வெட்டாமல், கார்ட்போர்டில் அச்சு வெட்டி, வைத்துப் பார்த்து, சீவி, மறுபடி வைத்துப் பாருங்கள். நான் பதினாலு தடவை ஏற்றி இறக்கினேன். வெட்டியது பலவீனம், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிக்கப்பின் சட்டம் ஒரு பக்கம் திறந்த சி வடிவம். தொட்டில் உட்காரும் நீளத்துக்கும், முன்னும் பின்னும் ஒரு சாண் கூடவும், 3/16 அங்குலத் தகட்டால் அதைப் பெட்டியாக மூடுங்கள். தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டாமல் மீன்வால் போலச் சரித்து வெட்டுங்கள். செங்குத்து வெல்ட் கோடுதான் பின்னொரு நாள் விரிசல் தொடங்கும் இடம்.

போல்ட் போகும் ஒவ்வொரு துளையிலும் பெட்டிக்குள்ளே கனமான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி வெல்ட் பண்ண வேண்டும். அது இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் பெட்டி நசுங்கும். நசுங்கிய இரும்பு நாளடைவில் தளரும், போல்ட்டும் தளரும். இதைத் தகட்டால் மூடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், நான் ஒன்றை மறந்தேன்.

வெல்டிங் உங்களுக்குக் கைவந்த கலை இல்லையென்றால் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். அண்ணை இரண்டு அங்குலம் அடிப்பார், எதிர்ப்பக்கம் போவார், அங்கே இரண்டு அங்குலம், பிறகு கோப்பி. சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் சட்டம் வாழைப்பழம் மாதிரி வளையும் என்பார். ஒரு சனிக்கிழமை முழுக்க அப்படியே போனது. நடுநடுவே மூலைவிட்டத்தை அளந்துகொண்டே இருந்தோம்.

வெல்ட் ஆறியதும் பிறைமர், பெயின்ட், பிறகு தொட்டில். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுக்கத் தெருவில் உப்பு. அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் அலுமினியம் கரையும், வெள்ளைப் பொடி தள்ளும். தொடும் முகங்களுக்கு நடுவே பெயின்ட் முழுதாக இருக்கட்டும், போல்ட் உடம்பில் அது ஒட்டிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள், தலைக்குக் கீழே கனமான வாஷர் போடுங்கள். மறுபடி கோணமானி, மறுபடி மூலைவிட்டம். அதன் பிறகுதான் கடைசி இறுக்கம்.

இஞ்சினுக்கு நான் அதே காரின் 4.6 லீற்றர் வி8ஐயும் கியர்பெட்டியையும் சேர்த்து எடுத்தேன். மவுண்ட் தொட்டிலிலேயே இருப்பதால் வந்து உட்கார்ந்துவிட்டது. வயரிங் வேறு கதை. பழைய ஆறு சிலிண்டரை வைத்திருக்கத்தான் ஆசை என்றால், மவுண்ட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும், ஒயில் பான் தொட்டிலில் முட்டுகிறதா என்று வெல்டுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஸ்டியரிங் தண்டுக்கு இரண்டு யூ-ஜாயிண்ட் (தண்டை வளைத்துக் கொண்டுபோக உதவும் மடங்கும் மூட்டு) போதும் என்றால் நல்லது. ஒவ்வொன்றும் முப்பது பாகைக்கு மேல் மடியக் கூடாது, மடிந்தால் திருப்பும்போது இறுகி இறுகி விடும். மூன்றாவது ஜாயிண்ட் தேவைப்பட்டால் நடுவில் ஒரு பேரிங்கில் தண்டைத் தாங்குங்கள், இல்லாவிட்டால் அது ஸ்கிப்பிங் கயிறு போல ஆடும்.

பிரேக்கில், மிதித்ததும் பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொள்ளாதீர்கள். டிரம்முக்கானவற்றில் குழாய்க்குள் எப்போதும் பத்து பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். டிஸ்க்குக்கு அது விஷம். பேட் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே ஓடும், பத்து நிமிடத்தில் கருகல் மணம் வரும். டிஸ்க்குக்கென்று உள்ள சிலிண்டரைப் போடுங்கள்.

சில்லு வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள். இந்த முன்பக்கம் பிக்கப்பினுடையதைவிட அகலம். பழைய பிக்கப் சில்லு ஐந்து போல்ட், ஐந்தரை அங்குல வட்டம். காருடையது நாலரை, அதாவது 114.3 மில்லிமீற்றர், பொருந்தாது. அழகான குரோம் சில்லு ஒன்றை நாலரை வட்டத்தில் வாங்கி மாட்டினால் ஃபெண்டருக்கு வெளியே நண்டுக்கால் போல நிற்கும். 2003 முதல் வந்த கிரவுன் விக்டோரியாவின் சொந்தச் சில்லுக்கு ஆஃப்செட், அதாவது போல்ட் முகம் சில்லின் நடுக்கோட்டிலிருந்து வெளியே தள்ளியிருக்கும் தூரம், நாற்பது மில்லிமீற்றருக்கு மேல், டயர் முழுக்க உள்ளே போய் நிற்கும். என் வண்டியில் பொலிஸ் காரின் கறுப்பு இரும்புச் சில்லுதான், எனக்கு அதுவே வடிவு. பின்னுக்கும் அதே வட்டம் வேண்டும் என்று 1990களின் ஃபோர்ட் எக்ஸ்புளோரரின் அச்சைப் போட்டேன். அது முன்பக்கத்தைவிட ஒடுக்கம், ஆகவே பின் சில்லுக்கு ஆஃப்செட் வேறு.

தெருவில் இறக்குவதற்கு முன் ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் பிரிக்காமல் ஒன்றாகவே கழற்றி வைத்துவிட்டு, ஆர்மை மட்டும் மாட்டி, ஜாக்கால் மேலே கீழே முழு தூரமும் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் ஃபெண்டரைத் தொடுகிறதா? எனக்கு வலது ஹோஸ் விண்ணென்று இழுத்தது, பிடியை ஒரு அங்குலம் கீழே மாற்றினேன். சில்லுகளின் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் கடைக்கு வண்டியை இன்னொரு வண்டியின் தட்டில் ஏற்றிக் கொண்டுபோங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே பாகையில் கொஞ்சம்தான் திருத்த முடியும், தொட்டிலைக் கோணலாக வைத்ததை அவர்களால் நிமிர்த்த முடியாது. உங்கள் மாகாணத்தில் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால், அதைக் கொடுக்கப் போகும் மெக்கானிக்கை வெல்டிங் முடிந்து பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள். மூடிய வெல்டுக்குக் கையெழுத்துப் போட யாருக்கும் மனம் வராது.

முதல் நூறு கிலோமீற்றர் ஊருக்குள்ளேயே ஓட்டினேன். இறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலைக்கும் சட்டத்துக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தேன். நூறில் குனிந்து பார்த்தபோது பின் இடது போல்ட்டின் கோடு மட்டும் ஒரு நூல் விலகியிருந்தது. நான் குழாய்த் துண்டு வைக்க மறந்து, பிறகு தகட்டைத் திறந்து வைத்த அதே துளை. திரும்ப இறுக்கி, புதுக் கோடு போட்டேன். ஐந்நூறில் பார்த்தேன், ஆயிரத்தில் பார்த்தேன், அசையவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் துரு ஒயில் அடிக்க வண்டியைத் தூக்கும்போது அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறேன்.